பாட்டு நெஞ்சில் தங்க வேண்டும்!

(மதுரையில் பாட்டுக்குழுத் தோழர்களுக்கு நடைபெற்ற ஒருநாள் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

காலையில் நடந்த பயிற்சியின்போது ஒரு வாலிபத் தோழர் எழுந்து கேள்வி கேட்டார். அவர் நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கிதார் வாங்கி, ஒன்றரை வருஷமாக விடாமல் பழகி வருகிறவர். அவர் கேட்டது இதுதான்:

"தோழர், வாரம் ஒரு புதுப்பாட்டுக் கற்கிறேன். புதுப்பாட்டு வந்ததும் பழைய பாட்டுப் போய்விடுகிறது. இதுவரை முப்பது பாட்டாவது கற்றிருப்பேன். இந்த நிமிஷம் மேடை ஏறு என்றால், முழுசாக வாசித்துப் பாட மூன்று பாட்டுத் தேறாது. என் மண்டை சரியில்லையா, பழக்கம் சரியில்லையா?"

சிலர் சிரித்தீர்கள். ஆனால் இது சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வி அல்ல. இந்த ஹாலில் உள்ள எல்லோருக்கும் இருக்கிற வியாதியைத்தான் அவர் வெட்கப்படாமல் வெளியே சொன்னார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைய பேச்சு முழுவதும் அவருடைய கேள்விக்குப் பதில்தான்.

நாம் சங்கீத வித்துவான் அல்ல. சுரம் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பாட்டுக்குழுவோடு பொட்டலையும் கண்மாய்க்கரையையும் மில் கேட்டையும் சுற்றி வந்த அனுபவம் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறோம்.

ஒரு சாவு வீட்டில்

போன ஐப்பசி மாதம் ஒரு மூத்த தோழர் காலமானார். மில்லில் இழை ஓட்டி ஓட்டியே நெஞ்சு பஞ்சடைத்துப் போனவர். அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். கேட் மீட்டிங் என்றால் பேச்சாளர் வருவதற்கு முன்னால் அவர் பாட்டு இருக்கும். அவர் சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்று. ஒரு பல்லவி, நாலு சரணம். வேலை நிறுத்தத்தில் பட்டினி கிடந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. அதை எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்தார்.

உடலின் மேல் செங்கொடி போர்த்தினோம். தத்தனேரிக்குக் கொண்டுபோகத் தூக்குவதற்கு முன்னால், அவர் பாட்டைப் பாடியே அனுப்புவோம் என்று தீர்மானித்தோம். ஆரம்பித்தோம். பல்லவியும் முதல் சரணமும் தெருவே அதிர்கிற மாதிரி வந்தன. நாற்பது தொண்டையாவது இருக்கும். இரண்டாவது சரணத்தில் பாதிப் பேர் வாயசைத்தார்கள். மூன்றாவது சரணத்தில் மூன்று பேர்தான் பாடினார்கள். நாலாவது சரணம் வந்தது, யாருக்கும் வரவில்லை. ஒருவர் திரும்பப் பல்லவியை எடுத்தார். இன்னொருவர் செல்போனை எடுத்துத் தேடினார். எப்போதோ பதிவு செய்தது. இருந்த போன் மாறிப் போயிற்று. தெரு மௌனமாகி விட்டது.

அப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எடுத்தார். சோழவந்தான் பக்கத்தில் நடவு நட்டு வளர்ந்த அம்மா அவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாளும் மேடை ஏறினவர் அல்ல. நாலாவது சரணத்தை ஒரு வார்த்தை பிசகாமல், அழுகையும் பாட்டுமாகக் கடைசி வரி வரை பாடி முடித்தார். பிறகுதான் உடலைத் தூக்கினோம்.

நமக்குத் தலை நிமிரவில்லை. காரியம் முடிந்தபின் ஒருநாள் போய், "அம்மா, உங்களுக்கு யார் இந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டோம். "எனக்கு யாரப்பா சொல்லிக் கொடுத்தது? ராத்திரி ஷிப்டு விட்டு வந்து, நான் உலை வைக்கிறபோது அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே கிடப்பார். விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கச் சொல்லுவார். எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து எனக்கு வந்துவிட்டது" என்றார்.

தோழர்களே! இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று: நாற்பது பேருக்குத் தெரிந்த பாட்டு என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தது, உண்மையில் ஒரே ஒரு கிழவியின் நெஞ்சில்தான் இருந்தது. இரண்டாவது: பாட்டுக் கற்றவர்களுக்கு அது தங்கவில்லை, பாட்டை எடுத்துக் கொடுத்தவருக்குத் தங்கியது. ஏன்?

நாலாவது சரணம் எங்கே போயிற்று?

யோசித்துப் பாருங்கள். நாம் எப்படிப் பயிற்சி செய்கிறோம்? ஏழு மணிக்குக் கூட வேண்டும் என்று சொல்லுகிறோம். ஏழரைக்கு நாலு பேர் வருகிறார்கள். பல்லவியிலிருந்து ஆரம்பிக்கிறோம். முதல் சரணம் பாடும்போது இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்காக மறுபடியும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்கிறோம். இரண்டாவது சரணத்தில் ஒருவர் தப்பாகப் பாடுகிறார், மறுபடியும் பல்லவி. எட்டரைக்கு ஷிப்டுக்குப் போகிறவர் எழுந்து விடுகிறார். கடைசிச் சரணத்தை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுக் கலைகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் பல்லவியைப் பத்து தடவை பாடியிருப்போம். நாலாவது சரணத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் தாளைப் பார்த்துக் கொண்டு. ஆகவே நாலாவது சரணத்தை நாம் மறந்து போகவில்லை தோழர்களே. நாம் அதைக் கற்கவே இல்லை. கற்றோம் என்று நம்பிக்கொண்டு இருந்தோம்.

தாளைப் பார்த்துப் பாடுவது வேறு; நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடுவது வேறு. அந்த அம்மா தாளைப் பார்க்கவில்லை. விட்டுப்போன இடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. எடுத்துக் கொடுக்க முயலும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி நெஞ்சில் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

தாள் இல்லாமல் பாடியவர்கள்

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நம்முடைய மதுரை மண்ணில் இதுதான் பழைய வழக்கம். ஸ்பெஷல் நாடகம் தெரியும் அல்லவா? ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. பொழுது சாய்ந்து மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும். எப்படி முடிந்தது? பாட்டும் வசனமும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாட்டுக்களை ஆயிரக்கணக்கான நடிகர்கள் இப்படித்தான் சுமந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்.

அந்த மேடையிலிருந்துதான் தியாகி விஸ்வநாததாஸ் வந்தார். 1886ல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். சவரத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அவரோ முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடினார். போலீஸ் மேடையருகிலேயே காத்திருக்கும். வேஷத்தோடு கைது செய்வார்கள். விடுதலையாகி வருவார், மறுபடியும் அதே பாட்டைப் பாடுவார். 1940 டிசம்பர் 31ந் தேதி சென்னையில் மேடையிலேயே உயிர் பிரிந்தது.

அந்த மேடையிலிருந்துதான் நம் தோழர் கே. பி. ஜானகி அம்மாளும் வந்தார். 1917ல் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாட்டால் பேர் பெற்று, அந்தக் குரலை அப்படியே இயக்கத்துக்குக் கொடுத்தவர். 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். 1992ல் மறைந்தார். பிரசங்கம் செய்து கொண்டிருக்கும்போதே பாட்டுக்குத் தாவிவிடுகிற வழக்கத்தைப் பற்றி மூத்த தோழர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். பக்கம் புரட்டிப் பார்த்துப் பாடுகிறவரால் அது முடியுமா?

வெள்ளைக்காரன் காலத்தில் பாட்டுப் புத்தகங்களைச் சர்க்கார் தடை செய்தது, பறிமுதல் செய்தது. 1948க்குப் பின் வந்த அடக்குமுறையில் வீட்டில் நோட்டீசு இருந்தாலே ஆபத்து. புத்தகத்தைப் பறிக்கலாம், அச்சாபீசை மூடலாம். நெஞ்சில் இருக்கிற பாட்டை எந்த இன்ஸ்பெக்டராலும் சோதனை போட்டு எடுக்க முடியாது. ஆகவே மனனம் என்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு பாதுகாப்பு.

ஏற்றமும் நடவும்

இங்கே மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விவசாயத் தொழிலாளர் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். உங்கள் பாட்டிமார் எத்தனை பாட்டு வைத்திருந்தார்கள்! நடவுக்கு ஒரு பாட்டு, களையெடுப்புக்கு ஒரு பாட்டு, ஏற்றத்துக்கு ஒன்று, முளைப்பாரிக் கும்மிக்கு ஒன்று, தாலாட்டு ஒன்று, ஒப்பாரி ஒன்று. நோட்டுப் புத்தகம் எங்கே இருந்தது? வேலையே நோட்டுப் புத்தகமாக இருந்தது.

ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றமரத்தின் மேல் ஒருவர் நடக்க, கீழே ஒருவர் சால் பிடிக்க, எத்தனை சால் இறைத்தோம் என்கிற எண்ணிக்கையும் பாட்டிலேயே ஓடும். வரி தவறினால் கணக்குத் தவறும். கணக்குத் தவறினால் தண்ணீர் தவறும். ஆகவே வரி தவறாது.

கம்பரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். சாயங்காலம் வயல் வழியே வந்த கம்பர் ஏற்றக்காரன் பாடுவதைக் கேட்டு நின்றாராம். ஒரு வரி பாடினான். பொழுது போயிற்று என்று ஏற்றத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ராத்திரி முழுவதும் மண்டையை உடைத்துக் கொண்டார் கவிச்சக்கரவர்த்தி. பிடிபடவில்லை. விடிந்ததும் ஓடிப்போய் நின்றார். ஏற்றக்காரன் வந்தான், நேற்று விட்ட இடத்திலிருந்து அடுத்த வரியைச் சாதாரணமாக எடுத்தான். கதை உண்மையோ பொய்யோ, அதைக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. பாட்டை நடுவில் விட்டு, மறுநாள் அதே இடத்தில் எடுக்கத் தெரிந்தவன்தான் பாட்டை உடையவன். எப்போதும் பல்லவியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருப்பவன் பாட்டை இரவல் வாங்கியவன்.

நடவுப்பாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. முன்னால் நிற்கிற அம்மா ஒரு வரி சொல்லுவார்; வரிசை முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு வரியையும் எல்லோரும் காதால் வாங்கி, வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு இடுப்பு வலித்தால் அடுத்த அம்மா முன்வரியை எடுத்துக் கொள்ளுவார். ஆகவே பாட்டு ஒருவரோடு நிற்கவில்லை.

பம்புசெட்டு வந்தது, ஏற்றம் போயிற்று. அதற்காக நாம் அழவில்லை. ஏற்றமரத்தில் நடந்து நடந்து கால் வெடித்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த உழைப்பின் கொடுமை. களைக்கொல்லியும் நடவு மெஷினும் வந்து, நடவு வரிசையும் பல ஊர்களில் குறைந்து விட்டது. வேலை போன இடத்தில் கூலிக்காகப் போராடுகிறோம். அது வேறு விஷயம். ஆனால் வேலையோடு சேர்த்துப் பாட்டும் போய்விட்டது என்பதைக் கவனித்தோமா? தோழர் நா. வானமாமலை ஊர் ஊராகச் சேகரிக்கச் செய்து, 1964ல் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" என்று பெரிய புத்தகமாகக் கொண்டு வந்தார். இல்லாவிட்டால் எத்தனையோ பாட்டுக்கள் மண்ணாகிப் போயிருக்கும். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் புத்தகம் வார்த்தையைத்தான் காப்பாற்றும். மெட்டையும் தாளத்தையும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதையும் தொண்டைதான் காப்பாற்றும்.

பாட்டுக்கே உள்ள கொக்கிகள்

நம் தமிழ்ப் பாட்டு, நெஞ்சில் மாட்டிக் கொள்ளுவதற்கென்றே கொக்கி வைத்துக் கட்டப்பட்டது. மோனை என்றால் என்ன? சீர்களின் முதல் எழுத்து ஒத்து வருவது. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. அந்தாதி என்றால் முன்பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு ஆரம்பிப்பது. இதெல்லாம் பண்டிதர்களின் அலங்காரம் என்று நினைக்கிறோம். அல்ல. ஓலையும் எழுத்தாணியும் சிலர் கையில் மட்டும் இருந்த காலத்தில், ஜனங்கள் பாட்டை நெஞ்சில் கட்டி வைக்கக் கண்ட கயிறுகள் இவை. அடுத்த வரி மறந்தால் எதுகை இழுத்துக் கொண்டு வரும்.

ஆகவே புதிதாகப் பாட்டு எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்மானத்தை அப்படியே வெட்டி வரியாக்கி மெட்டில் போடாதீர்கள். எதுகை மோனை இல்லாத வரி மேடையில் நிற்கும். ஜனங்களின் நெஞ்சில் நிற்காது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதிலேயே, 1959ல், மறைந்து விட்டார். விவசாய இயக்கத்தில் வளர்ந்த அந்தத் தோழரின் பாட்டு இன்றும் வயல் வரப்பில் கேட்கிறது. அவர் யார் என்று தெரியாதவர்களும் பாடுகிறார்கள். கருத்தோடு கொக்கியும் சேர்த்துக் கொடுத்தார்; அதனால்தான்.

தெரிந்த மெட்டில் புது வார்த்தை போடுவது இன்னொரு வழி. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் இதில் கைதேர்ந்தவர். அன்றைய மதுரை ஜில்லா, இன்றைய தேனி மாவட்டம். ஜனங்கள் முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்து, கூலிக்காரன் கதையை அதில் ஏற்றி விடுவார். 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோழர் ரோசம்மா புன்னூசுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் மத்தியில் பாடினார். தோழர் வெற்றி பெற்றார். தம்பிமார் ஆர்மோனியமும் தபேலாவும் கிதாரும் வாசித்தார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் பிற்பாடு இளையராஜா என்று நாடறிந்தவர். அந்தத் தோட்டத்து ஜனங்களுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். வார்த்தையை மட்டும் வாங்கிக் கொண்டால் போதும். ஆகவே அன்று ராத்திரி கேட்டதை மறுநாள் கொழுந்து பறிக்கும்போது பாட முடிந்தது.

ஆனால் இதிலும் ஒரு ஆபத்து உண்டு. சினிமா மெட்டில் நம் வரி மறந்து போனால், அந்த இடத்தில் சினிமா வரியே வந்து உட்கார்ந்து விடும். சுரண்டல் என்று பாட வேண்டிய இடத்தில் கன்னம் சிவந்தது என்று பாடி, கூட்டம் கைதட்டிச் சிரித்ததை நாமே பார்த்திருக்கிறோம். தெரிந்த மெட்டு என்றால் இரண்டு மடங்கு மனனம் வேண்டும்.

கை வைத்திருக்கும் ஞாபகம்

இப்போது கிதார் தோழருக்கு வருவோம். கிதாரில் ஆறு கம்பி. இடது கை விரல்கள் இந்தக் கட்டையில் இப்படி அழுத்தினால் ஒரு கார்டு. அடுத்த வார்த்தை வரும்போது விரல்கள் இடம் மாறி இன்னொரு கார்டு. பாட்டுக்காரருக்கு வாய் மட்டும் வேலை; கிதார்க்காரருக்கு வாயும் இரண்டு கையும் வேலை. கஷ்டம்தான். ஆனால் கைக்கென்று ஒரு ஞாபகம் இருக்கிறது. ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுகிறவரைக் கேளுங்கள், எப்படி ஒட்டுகிறாய் என்று. சொல்லத் தெரியாது. விரல் செய்துவிட்டுப் போய்விடும். நாற்றுமுடி பிரித்து நடுகிற அம்மாவின் விரலும் அப்படித்தான்.

அந்த ஞாபகம் பலமானது. ஆனால் அது குருட்டு ஞாபகம். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரையில் ஓடும்; நடுவில் தடைப்பட்டால் எங்கே இருக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. ஆரம்பத்துக்கு ஓடச் சொல்லும். மேடையில் கம்பி அறுந்தாலோ, மைக் நின்றாலோ, போலீஸ் விசிலடித்தாலோ, பல்லவிக்கு ஓட முடியுமா? ஆகவே ஒவ்வொரு சரணத்தின் வாசலையும் தனித்தனியாக விரலுக்குக் காட்ட வேண்டும். மூன்றாவது சரணத்தின் முதல் கார்டு எது? கிதார் இல்லாமலே, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, தொடையில் விரலை வைத்துச் சொல்லத் தெரிய வேண்டும். தெரிந்தால் பாட்டு உங்களுடையது.

சிலி நாட்டுப் பாடம்

கிதார் என்றதும் தோழர் விக்டர் ஹாராவை நினைக்காமல் இருக்க முடியாது. சிலி நாட்டில் 1932ல் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் அமண்டா கிதார் வாசித்துக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாட்டுப்பாட்டுப் பாடுகிறவர். தாயிடமிருந்துதான் மகனுக்குப் பாட்டு வந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். மில்லிலும் குடிசைப் பகுதியிலும் கிதாரோடு போய்ப் பாடினார்.

1973 செப்டம்பர் 11ல் ராணுவம் அல்லெண்டே சர்க்காரைக் கவிழ்த்தது. ஆயிரக்கணக்கான பேரை ஒரு ஸ்டேடியத்தில் அடைத்தார்கள். ஹாராவும் அதில் ஒருவர். அடித்துக் கையை நொறுக்கினார்கள். அந்த நிலையிலும் அவர் ஒரு பாட்டை எழுதினார். எழுதி முடிக்கும் முன்பே இழுத்துக்கொண்டு போனார்கள். உடலில் நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுகள்.

அந்தப் பாட்டு எப்படி வெளியே வந்தது? தாளை மறைத்துக் கொண்டு வந்தவர்கள் உண்டு. தாள் பிடிபட்டால் என்ன செய்வது என்று, உடனிருந்த கைதிகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்கள், நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், ஒரு பாட்டை நெஞ்சில் ஏற்றிக் கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் அந்தப் பாட்டைத் தெரியும். அந்த ஸ்டேடியத்துக்கே 2003ல் விக்டர் ஹாரா பேர் வந்தது. 2023ல் சிலி உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைக்காக ஏழு முன்னாள் ராணுவத்தாரின் தண்டனையை உறுதி செய்தது. ஐம்பது வருஷம்! அந்த ஐம்பது வருஷமும் வழக்கை உயிரோடு வைத்திருந்ததில் ஜனங்களின் பாட்டுக்கும் பங்கு உண்டு.

நமக்கும் அப்படி ஒரு கடமை இருக்கிறது. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். மேல்முறையீட்டில் நிலப்பிரபுக்கள் விடுதலையானார்கள். ஏட்டில் வழக்கு முடிந்து விட்டது. ஜனங்களின் நெஞ்சில் முடியவில்லை. இன்குலாப் எழுதிய பாட்டை கே. ஏ. குணசேகரன் குரலெடுத்துப் பாடினார். அது ஊர் ஊராகப் போயிற்று. இருவரும் 2016ல் மறைந்து விட்டார்கள். இனி அதைச் சுமக்க வேண்டியவர்கள் யார்? இந்த ஹாலில் இருக்கிறவர்கள்தான்.

செய்ய வேண்டியவை

ஆகவே தோழர்களே, இன்றைக்குக் கலைவதற்கு முன் சில காரியங்களைத் தீர்மானித்துக் கொள்ளுவோம்.

ஒன்று. கடைசிச் சரணத்தை முதலில் கற்போம். அது வந்தபின் மூன்றாவது, பிறகு இரண்டாவது, பிறகுதான் பல்லவி. அப்படிக் கற்றால், பாடப் பாடத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவோம். தெரியாத இடத்தை நோக்கி அல்ல.

இரண்டு. மூன்று தடவை பார்த்துப் பாடியபின் தாளைக் கவிழ்த்து வைப்போம். திக்கினாலும் பரவாயில்லை, தேடட்டும். நெஞ்சில் தேடுகிற அந்தக் கஷ்டம்தான் உரம். உடனே எட்டிப் பார்த்தால் அது வீணாகி விடும்.

மூன்று. இடைவெளி விட்டுத் திரும்பப் பாடுவோம். எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனம் செய்தால், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பிறகு போகிற வேகம் குறைகிறது என்று கண்டார். பொருளுள்ள கவிதைக்கோ அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உழைப்புப் போதும் என்றும் கண்டார். ஒரே உட்காரலில் முப்பது தடவை சொல்லுவதைவிட, நாட்களுக்குப் பிரித்துச் சொல்லுவது நிலைக்கும் என்பதும் அவர் கண்டதுதான். ஆகவே இன்று கற்ற பாட்டை இன்று படுக்கும் முன் ஒருமுறை, நாளைக் காலை ஒருமுறை, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம் போதும்.

ஷிப்டு முறையால் எல்லோரும் கூட முடிவதில்லை என்று மில் தோழர்கள் சொல்லுகிறார்கள். உண்மைதான். கூட வேண்டியதில்லை. சைக்கிளில் போகும்போது, மில் வேனில் போகும்போது, கண்மாய் வேலைக்கு நடக்கும்போது, இரண்டு பேர் போதும். ஒருவர் பாட, ஒருவர் எடுத்துக் கொடுக்க. அடுத்த நாள் மாற்றிக் கொள்ளுங்கள்.

நாலு. கிதார் தோழர் முப்பது பாட்டை ஒரே சமயத்தில் தூக்க வேண்டாம். பத்துப் பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு அட்டையில் எழுதி வைக்கட்டும். தினம் இரண்டு பழைய பாட்டு. அவை முழுசாக வந்த பிறகுதான் புதுப்பாட்டு. பத்தும் நெஞ்சில் உட்கார்ந்தபின் பதினோராவது பாட்டைச் சேர்க்கட்டும். ஆறு மாதத்தில் அவர் கேள்விக்கு அவரே பதில் சொல்லுவார்.

ஐந்து. ஒரு பாட்டு ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு பாட்டுக்கும் குறைந்தது மூன்று பேர் பொறுப்பு. அதில் ஒருவர் மாதராக இருக்க வேண்டும். ஒருவர் இருபது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது விதைநெல் மாதிரி. குதிரில் இருந்தால் மட்டும் போதாது, வருஷா வருஷம் விதைக்க வேண்டும்.

ஆறு. உங்கள் ஊரில் வயதான அம்மா, அய்யா யார் யாரிடம் பாட்டு இருக்கிறது என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும், தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நாம் தள்ளிப் போட்டோம். அதன் பலனைத் தெருவில் நின்று அனுபவித்தோம்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். நாலு வாலிபர்களை அழைத்துப் போனோம். கிதார் தோழரும் வந்தார். அம்மா நாலாவது சரணத்தைப் பாடினார். தோழர் கிதாரில் மெதுவாகக் கூட வந்தார். இரண்டு தடவை அம்மா நிறுத்தி, "அது அப்படி இல்லையப்பா, அவர் இந்த இடத்தில் இழுப்பார்" என்று திருத்தினார். மூன்றாவது தடவை நால்வரும் தாளில்லாமல் பாடினார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டு வந்தார்.

அந்தப் பாட்டு இப்போது ஐந்து பேரிடம் இருக்கிறது தோழர்களே. சாயங்காலம் இங்கிருந்து போவதற்குள் அறுபது பேரிடம் இருக்க வேண்டும். தாளைக் கவிழ்த்து வையுங்கள். நாலாவது சரணத்திலிருந்து ஆரம்பிப்போம்!